அரிசியா, நடையா, பட்டினியா: எடை குறைக்க முதலில் எதில் கை வைப்பது?

விடியற்காலையில் வேலூர்க் கோட்டைப் பக்கம் போனால் வேகவேகமாக நடக்கிறவர்களைப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் விடாமல் நடக்கிறவர்களும் உண்டு. தொப்பை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நடையில் குற்றம் இல்லை. நடந்து முடித்து வெளியே வந்து ஒரு டீயும் இரண்டு வடையும் உள்ளே போனால், நடந்த கணக்கு அங்கேயே நேராகி அதற்கு மேலும் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

எடை குறைக்க நினைப்பவர் முன்னால் இன்று நிறைய வழிகள் கிடக்கின்றன. சோற்றைக் குறைக்கலாம், சோற்றை விட்டுக் களிக்கு மாறலாம், பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடலாம், நடக்கலாம், பளு தூக்கலாம், பொடி வாங்கிக் கலக்கிக் குடிக்கலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கி, வியாழக்கிழமைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால், எது எவ்வளவு தரும் என்று தெரிய வேண்டும்.

கணக்குக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் லாங்கு பஜாரில் கல்லாவில் உட்காரும் 45 வயது ஆண்: உயரம் 165 செ.மீ., எடை 78 கிலோ. இன்னொருவர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தையல் மெஷினில் உட்காரும் 40 வயதுப் பெண்: 155 செ.மீ., 68 கிலோ.

உடம்பின் செலவுக் கணக்கு

வளர்சிதை மாற்றம் என்று புத்தகத்தில் எழுதுகிற மெட்டபாலிசத்தை, கேஸ் அடுப்பின் திருகு மாதிரி கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு திருகு நம் கையில் இல்லை. சாப்பிட்டதை உடைத்துச் சக்தியாக்குவது, அந்தச் சக்தியை வைத்து உடம்பை நடத்துவது, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேர்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் மெட்டபாலிசம்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் செலவில் 60 முதல் 70 சதவீதம் சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு. கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் நான்கும் சேர்ந்து உடம்பின் எடையில் ஆறு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் இந்தப் படுத்திருக்கும் செலவில் பாதிக்கு மேல் அவைதான் எடுத்துக்கொள்கின்றன. ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கும். ஒரு கிலோ கொழுப்பு நாலரை. (கிலோ கலோரி என்பதைத்தான் எல்லோரையும் போல இங்கேயும் கலோரி என்று எழுதுகிறோம்.) தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்கிற ஜிம் விளம்பரத்தை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். வருஷம் முழுக்கப் பாடுபட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினால் கிடைப்பது நாளைக்கு 26 கலோரி. டீயில் போடும் சர்க்கரையில் ஒன்றரை ஸ்பூன் கூட இல்லை.

சாப்பாட்டைச் செரிக்கிற செலவு சுமார் பத்து சதவீதம். இதில் புரதத்துக்குத்தான் செலவு அதிகம்: நூறு கலோரி புரதம் சாப்பிட்டால் 20 முதல் 30 கலோரி அதைச் செரிக்கவே போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. எண்ணெய், நெய்க்கு அதிகம் போனால் 3. மீதி எல்லாம் அசைவு. உடற்பயிற்சி என்று நாம் பெயர் வைத்துச் செய்வது அதில் ஒரு சிறு பங்கு; நிற்பது, குனிவது, மாடி ஏறுவது, கடைக்கு நடப்பது, உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவது வரை எல்லாம் சேர்ந்ததுதான் பெரும் பங்கு. ஆளுக்கு ஆள் மிகவும் மாறுவதும் இதுதான். 1999-இல் அமெரிக்காவில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புக்கூட ஏறவில்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. இந்தச் சில்லறை அசைவுகள் யாருக்குக் கூடின, யாருக்குக் கூடவில்லை என்பதுதான் பெரிய வித்தியாசமாக இருந்தது. 'அவன் என்ன தின்னாலும் உடம்பு ஏறல' என்று பொறாமைப்படுகிறோமே, அந்த ஆசாமி பெரும்பாலும் ஒரு இடத்தில் உட்காராத ஆசாமியாக இருப்பார்.

உங்கள் படுத்திருக்கும் செலவைப் போட்டுப் பார்க்க 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் போதும். எடையைப் பத்தால் பெருக்குங்கள். செ.மீ.-இல் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். ஆணென்றால் 5 கூட்டவும், பெண்ணென்றால் 161 கழிக்கவும். கல்லாக்காரருக்கு 1,591 வரும். தையல்காரப் பெண்ணுக்கு 1,288. வெள்ளைக்காரர்களை அளந்து எழுதிய சூத்திரங்கள் நம் உடம்புக்குக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதனால் ஏழு சதவீதம் போலக் கழித்து 1,480, 1,200 என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்த வேலை என்பதால் 1.4-ஆல் பெருக்கினால், ஒரு நாள் மொத்தச் செலவு அவருக்குச் சுமார் 2,070 கலோரி, அந்தப் பெண்ணுக்கு 1,680.

அந்த 1,680-ஐ ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கணவருக்கும் மனைவிக்கும் ஒரே அளவு தட்டு போட்டால் யாருக்கு எடை ஏறும் என்பது அதிலேயே இருக்கிறது.

'நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும்' என்பதும் எல்லோரும் சொல்வதுதான். 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த அளவுகள் 2021-இல் வெளிவந்தன. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது. அதற்கு மேல்தான் வருஷத்துக்கு முக்கால் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறது. நாற்பதில் மாறுவது வேறு: சைக்கிள் போய் பைக் வந்திருக்கும், தசை கொஞ்சம் கரைந்திருக்கும், கடையில் ஆள் வைத்திருப்போம்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கென்றே உண்டு. ஒரே உயரம், ஒரே எடை இருந்தாலும் நம்மவர்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால் உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டில் (பி.எம்.ஐ.: கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது) 25 வரை பரவாயில்லை என்று மேல்நாட்டில் சொல்வதை இங்கே 23-லேயே நிறுத்த வேண்டும். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் அளவு எதற்கும் ஆகாது; பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டியிருப்போம்.

தட்டில் கை வைத்தால்

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளைக்கு 400 கலோரி குறைத்தால் இருபது நாளில் ஒரு கிலோ போக வேண்டும். இந்த 400 எங்கே கிடைக்கும் என்று தேடினால், வீட்டிலேயே மூன்று இடம் இருக்கிறது.

முதலில் எண்ணெய். தட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அளப்பதற்கு இதைவிடச் சுலபமான பொருள் கிடையாது. மளிகை பில்லைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து பாக்கெட் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. அதை மூன்று பாக்கெட்டாக்கினால் ஆளுக்கு 23 கிராம். மிச்சம் நாளைக்குச் சுமார் 135 கலோரி, ஒரு பருக்கைச் சோறுகூடக் குறைக்காமல். எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து கையால் சாய்ப்பதை நிறுத்தி ஸ்பூனால் அளந்து ஊற்றினாலே இதில் பாதி வந்துவிடும். தாளிப்புக்கு இரண்டு டீஸ்பூன் போதும், மீதி ருசிக்குத்தான்.

கத்திரிக்காயில் இது நன்றாகவே தெரியும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் கலோரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் வாணலியில் போட்டால் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். அதே காயைப் பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் ஒரு ஸ்பூன் எண்ணெயில் முடிந்துவிடும். கடைசல் நம் பக்கத்துச் சமையல்தானே; புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது சோறு. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி.; அதில் தலை தட்டினால் சுமார் 150 கிராம் அரிசி, 530 கலோரி. கல்லாக்காரர் மதியம் மட்டும் 200 கிராம் அரிசிச் சோறு சாப்பிடுகிறார் என்றால் அது 710. அதை 120 கிராமாக்கினால் 425. மிச்சமாகிற 285 கலோரியையும் வெறுமனே விட்டால் நாலு மணிக்கு வயிறு கத்தும், கை தானாக பஜ்ஜிக்குப் போகும். அதனால் அதில் பாதியைப் புரதத்துக்குத் திருப்ப வேண்டும்: இரண்டு அவித்த முட்டை, இல்லையென்றால் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல். நிகர மிச்சம் 145 கலோரி, ஆனால் பசி அடங்கும். நம் சாப்பாட்டுத் தட்டில் குறை இருப்பது இந்த இடத்தில்தான். எடை குறைக்கும் காலத்தில், அடைய நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் புரதம் வேண்டும். 65 கிலோவுக்கு 78 கிராம். முட்டை ஒன்றில் 6, பாலோ தயிரோ 100 மி.லி.-இல் 3, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25, சமைக்காத கோழிக்கறி 100 கிராமில் 20 கிராம். நிலக்கடலையிலும் புரதம் உண்டு, ஆனால் ஒரு கைப்பிடி 30 கிராமில் 7 கிராம் புரதத்தோடு 170 கலோரியும் வரும். கொறிக்க உட்கார்ந்தால் கைப்பிடி ஒன்றோடு நிற்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மூன்றாவது டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நான்கு டீ என்றால் சர்க்கரை மட்டும் 40 கிராம், 160 கலோரி. 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பாதியாக்கினால் 80 மிச்சம். ஒரு வாரம் சப்பென்று இருக்கும், பிறகு பழைய டீ திகட்டும்.

மூன்றையும் கூட்டினால் 360. பட்டினி இல்லை, தனிச் சமையல் இல்லை, செலவும் இல்லை. தையல்காரப் பெண்ணுக்கு இதையே சிறிய அளவில் செய்ய வேண்டும்: நாளைக்கு 300 குறைந்தால் போதும். 1,200 கலோரிக்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இறங்கினால் முடி கொட்டும், மாதவிலக்கு தவறும், தசை கரையும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

சோற்றை அடியோடு விடுவது இதைவிட வேகமாக வேலை செய்கிற மாதிரித் தெரியும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும். அது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்திலிருந்து உடம்பு சேர்த்து வைக்கும் கிளைகோஜன் சுமார் அரைக் கிலோ சேமிப்பாக இருக்கிறது; ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றால் சேமிப்பு கரையும், தண்ணீர் சிறுநீரில் போகும். ஒரு கல்யாணச் சாப்பாடு போதும், அத்தனையும் திரும்பிவிடும். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 609 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து முதல் பாதியினருக்குச் சராசரியாக 6 கிலோவும் மற்றவர்களுக்கு 5.3 கிலோவும் இறங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. எதை விட்டாலும் சரி, வருஷம் முழுக்க விட முடிகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று வேளையும் அரிசி இருக்கிற வீட்டில் அதை அடியோடு விடுகிறவர் தனி அடுப்பு வைக்க வேண்டும்.

களிக்கு மாறலாமா? கேழ்வரகு நம் மண்ணின் தானியம், அதன் மேல் குறை சொல்ல மனசு வராது. ஆனால் நூறு கிராம் அரிசியில் 355 கலோரி என்றால் நூறு கிராம் கேழ்வரகு மாவில் 320. வித்தியாசம் அவ்வளவுதான். நன்மை நார்ச்சத்திலும் கால்சியத்திலும் இருக்கிறது. நூறு கிராமில் 11 கிராம் நார், 360 மில்லிகிராம் கால்சியம். களியாகக் கிண்டி, கீரைக் கடைசலோடு ஒரு உருண்டை சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது. அதே மாவை நைசாகச் சலித்து, பாலும் வெல்லமும் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும்; சர்க்கரை நோயாளிகள் 'ராகிதானே' என்று ஏமாறுவது இந்தக் கஞ்சியில்தான். இரண்டு உருண்டையும் மேலே ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு எண்ணெயும் என்றால் சோறே தேவலாம்.

வயிற்றைக் காயப்போடுவது

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிக்கும் முறைக்கு இப்போது பெரிய மவுசு. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை வைத்து ஒரு வருஷம் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு குழு மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட்டது. அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக் கூடிய அளவுதான் என்று புள்ளியியல் கணக்கு சொன்னது. பட்டினி நேரத்துக்கென்று தனி மாயம் இல்லை. சாப்பிடும் நேரம் குறைவதால் சாப்பாடு குறைந்தால் எடை குறையும்.

குறையாவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிருத்திகை விரதம் என்று காலையில் ஒரு பொழுது விட்டுவிட்டு, மாலையில் ரத்தினகிரி போய் வந்து வடை பாயசத்தோடு இலை போட்டால் கணக்கு சமன். ரமலான் மாதம் முழுக்க நோன்பிருந்தும் எடை இறங்காதவர்கள் உண்டு. நோன்புக் கஞ்சியில் குற்றம் இல்லை, கூட வரும் சமோசாவும் சர்பத்தும்தான்.

ஆனாலும் ஒரு வகை ஆட்களுக்கு இந்த முறை பொருந்தும்: ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு, வழியில் மூன்று பரோட்டா சால்னாவோடு நாளை முடிக்கிறவர்களுக்கு. ஒரு பரோட்டாவில் 60, 65 கிராம் மைதாவும் பத்து கிராம் எண்ணெயும் இருக்கிறது. ஒன்றுக்கு 300 கலோரி என்று வைத்தால் மூன்றுக்கே 900, சால்னா தனி. கடையிலேயே ஏழரை மணிக்கு வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு 'இதோடு சரி' என்று கோடு போட்டுக்கொள்வது அவருக்கு எண்ணிப் பார்த்துச் சாப்பிடுவதைவிடச் சுலபம். தையல்காரப் பெண்ணுக்கு இது ஆகாது. காலை டிபனை விட்டுவிட்டு கம்பெனி வண்டி ஏறினால் பதினோரு மணிக்குத் தலை சுற்றும், இடைவேளை டீக்கு ரெண்டு பிஸ்கட் ஆறாகும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் அளவை மாற்றாமல் பட்டினி இருக்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள், வயிற்றுப் புண் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

நடை, பளு

சம தரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருந்தாலும் ஆகிற செலவைக் கழித்தது போக, உடல் எடையில் கிலோவுக்கு அரைக் கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். 78 கிலோ ஆளுக்கு 39 கலோரி. ஒரு பரோட்டாவுக்கு ஏழரைக் கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் நடந்து 195 கலோரி செலவழிக்க ஒரு மணி நேரம் வேண்டும். எண்ணெய்யிலும் டீயிலும் கை வைத்தால் அதே அளவு எந்த நேரச் செலவும் இல்லாமல் கிடைக்கிறது. அதனால்தான் குறைப்பதற்குத் தட்டு முதலில், நடை அதற்கு அடுத்தபடி என்கிறோம்.

ஆனால் குறைத்த எடையைக் காப்பாற்றும் கட்டம் வரும்போது வரிசை தலைகீழாகும். எடை குறைந்த பிறகு பசி கூடும், செலவு இறங்கும். அந்த இடைவெளியை அடைப்பது நடைதான். சாப்பிட்ட உடனே பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்பது கூடுதல் லாபம். இதற்கு மைதானம் தேவையில்லை. மதிய இடைவேளையில் கம்பெனி வளாகத்திலேயே இரண்டு சுற்று போதும்.

வெயிலைச் சொல்லாமல் வேலூரில் நடையைப் பற்றிப் பேச முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. வியர்வை கொட்டினால் கொழுப்பு உருகுகிறது என்று நினைத்து ஸ்வெட்டர் போட்டு நடக்கிறவர்கள் உண்டு. கொழுப்பு வியர்வையாகப் போவதில்லை. பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்ததாகத் தராசு காட்டினால் அது ஒரு லிட்டர் தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் ஆறரைக்குள் நடையை முடியுங்கள். முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே பளு.

பளுப் பயிற்சி கலோரிக்காக இல்லை என்று மேலேயே பார்த்தோம். பிறகு எதற்கு? சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறங்கும்போது, இறங்கும் ஒவ்வொரு நான்கு கிலோவிலும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பில்லாத சதை. தசை ஏற்கெனவே குறைவாக இருக்கும் நம் உடம்புக்கு இது பெரிய நஷ்டம். சர்க்கரையை உள்ளே இழுத்து வைக்கும் பெரிய கிடங்கே தசைதான். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் பளுப் பயிற்சியும் போதிய புரதமும் இருந்தால் இந்த நஷ்டம் கணிசமாகக் குறையும்.

ஜிம் கட்டாயமில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. அது சுலபமானதும் சமையல் மேடை, பிறகு தரை. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பாதி தண்ணீர் நிரப்பி, முதுகு வளையாமல் முழங்காலை மடக்கித் தூக்கி வைப்பது எட்டு முறை. இந்த மூன்றையும் மூன்று சுற்று செய்ய இருபது நிமிஷம் ஆகும். கடைசி இரண்டு முறை திணற வேண்டும். திணறாவிட்டால் குடத்தில் தண்ணீரைக் கூட்டுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: ஆறு மாதமும் அதே அரைக் குடத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். மூச்சை அடக்கித் தூக்குவதும் கூடாது; ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

பொடியும் ஊசியும்

மெட்டபாலிசத்தைத் தூண்டும் பொடி, கிரீன் டீ, தேன் எலுமிச்சைத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். காபியிலும் கிரீன் டீயிலும் உள்ள காஃபின் கொஞ்சம் செலவைக் கூட்டும், தராசில் தெரியும் அளவுக்கு இல்லை. தேன் ஒரு ஸ்பூனில் 20 கலோரி சேர்கிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியில் விஷயம் இருக்கிறது, ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைப்பதால் இல்லை. நூறு கிராமில் 22 கிராம் புரதமும் நல்ல நாரும் இருப்பதால். ரசமாக வடித்துக் குடித்துவிட்டுச் சக்கையைத் தூக்கிப் போட்டால் அந்தப் பலன் சக்கையோடு போய்விடும். சுண்டலாகவோ துவையலாகவோ முழுசாகச் சாப்பிடுங்கள்.

ஊசி விஷயம் வேறு. டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமகுளூடைடு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. செமகுளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்தது. டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரத்தில் 21 சதவீதம். இங்கே பார்த்த வேறு எந்த வழியும் இதற்குப் பக்கத்தில் வராது. இவையும் மெட்டபாலிசத்தை முடுக்கிவிட்டு இதைச் செய்வதில்லை. பசியை அடக்கித் தட்டைச் சிறிதாக்குகின்றன. செமகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஐந்தாறு கிலோ தொப்பைக்கு இது வழி இல்லை. எடைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர், அல்லது 27-ஐத் தாண்டி சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்றவை உள்ளவர், தட்டிலும் நடையிலும் முறையாக முயன்றும் நகராதவர் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய வழி. கணையப் பாதிப்பு வந்தவர்களும், வீட்டில் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டாலும் புரதமும் குடமும் வேண்டும். தசை அதிலும் கரையும்.

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தாவது மாதமும்

கல்லாக்காரர் ஆறு நாள் தலா 400 மிச்சம் பிடித்து 2,400 சேர்க்கிறார். ஞாயிறு மதியம் ஆம்பூர் பிரியாணி: 140 கிராம் சீரகச் சம்பா 500, முப்பது கிராம் எண்ணெய் 270, ஆட்டுக்கறி 200. ஆக ஒரு பிளேட் 950-ஐத் தாண்டும். எண்ணெயில் மிதக்கும் கத்திரிக்காய், குளிர்பானம், ராத்திரி பரோட்டா, யாரோ வாங்கி வந்த ஆற்காடு மக்கன் பேடா எல்லாம் சேர்ந்து அன்றைக்கு 3,300 ஆனால், வாரச் சேமிப்பில் பாதி ஒரே நாளில் காலி. பிரியாணியை விட வேண்டியதில்லை. அரை பிளேட், கூட ஒரு முட்டை, வெங்காயப் பச்சடி தாராளமாக, ராத்திரி இரண்டு இட்லி. நாள் 2,100-க்குள் முடிந்துவிடும்.

தராசை தினமும் காலையில் கழிப்பறை போய் வந்ததும் பாருங்கள், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். உப்புக் கருவாடு சாப்பிட்ட மறுநாளும் மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஏறும். நான்கு வாரச் சராசரி நகராவிட்டால் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள்.

நான்கைந்து மாதத்தில் எப்படியும் ஒரு இடத்தில் நிற்கும். 78 கிலோ 70 ஆனதும் செலவே நாளைக்கு நூறு கலோரிக்கு மேல் குறைந்திருக்கும்; அதற்கும் மேலாக உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். மிக வேகமாக, மிக அதிகமாக இறக்கினால் இந்தச் சிக்கனம் கூடும்: எடை குறைக்கும் அமெரிக்க டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்தபோது, அவர்கள் உடம்புக்கு எதிர்பார்த்ததைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவானது 2016-இல் வெளிவந்தது. மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்கிற நிதானத்துக்குக் காரணம் இதுதான். ஐந்து கிலோ குறையும்போதெல்லாம் சூத்திரத்தில் புதிய எடையைப் போட்டுக் கணக்கை மறுபடி எழுதுங்கள்.

எடை நின்றதும் எல்லோரும் தைராய்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு கூட இருந்தால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது சரி. ஆனால் தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ. அதிலும் உப்பும் தண்ணீருமே அதிகம். மாத்திரை அதைத்தான் இறக்கும், மீதியை இறக்காது. பரிசோதனைக்குப் போகும் முன் அந்த மாத மளிகை பில்லையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பாக்கெட் மூன்றிலிருந்து நாலரைக்குத் திரும்பியிருக்கும்.